நிக்சன்: மேஜைக்குள் இருந்த சாட்சி

ரிச்சர்ட் நிக்சன் என்றதும் நம்மில் பலருக்கு வாட்டர்கேட் ஊழல்தான் நினைவுக்கு வரும். வங்கதேச மக்களுக்கோ அந்தப் பெயர் 1971ஐ நினைவூட்டும்.

1913இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தை மளிகைக் கடைக்காரர். சகோதரர்கள் இருவரை இளமையிலேயே காசநோயில் இழந்தார். வழக்கறிஞர், செனட்டர், எட்டாண்டுகள் துணை அதிபர் என உயர்ந்து, 1960இல் கென்னடியிடம் தோற்று, 1969இல் ஒருவழியாக அதிபரானார்.

1971 பிப்ரவரியில் தம் அலுவலகத்தில் ரகசிய ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தச் செய்தார். மேஜைக்குள்ளேயே மைக்குகள். குரல் கேட்டால் கருவி தானாக ஓடும். அடுத்த மாதம் 25ஆம் தேதி இரவு, யஹ்யா கானின் ராணுவம் டாக்காவில் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்து சுட்டது.

அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட், நடப்பது படுகொலை, நம் அரசு வாய்மூடி இருப்பது தவறு என்று ஏப்ரல் 6இல் தந்தி அனுப்பினார். உடன் பணியாற்றிய 20 பேர் கையெழுத்திட்டனர். பலன்? பிளட் இடம் மாற்றப்பட்டார். நிக்சனுக்கு அப்போது சீன நட்பு தேவைப்பட்டது. அதற்குத் தூது போனவர் யஹ்யா. ஜூலையில் கிஸிஞ்சர் வயிற்றுவலி என்று நடித்து, பாகிஸ்தானிலிருந்தே ரகசியமாக பெய்ஜிங் பறந்தார்.

ஒலிநாடாக்களைக் கேட்டால் மனம் கனக்கிறது. ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்து குவிந்த வேளையில், இந்தியர்களையும் இந்திரா காந்தியையும் பற்றி அவர் உதிர்த்த வசைகளை இங்கே எழுத நமக்குக் கூசுகிறது. டிசம்பரில் போர் மூண்டதும், சட்டம் இடம் தராது என்று அதிகாரிகள் எச்சரித்த பின்பும், ஈரான், ஜோர்டான் வழியாகப் போர் விமானங்களை பாகிஸ்தானுக்கு அனுப்ப வழி தேடினார். கொல்லப்பட்டவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்கு எதிரான படைக்கு உதவ இரு முஸ்லிம் நாடுகளையே பயன்படுத்தியதை நாம் கவனிக்க வேண்டும். சீனாவும் எல்லையில் படைகளை நகர்த்த வேண்டுமென விரும்பினார். எதுவும் பலிக்கவில்லை. டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது.

கருவிகள் இருக்கும் ரகசியம் 1973 ஜூலையில் செனட் விசாரணையில் வெளிப்பட்டது. நாடாக்களை ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 1974 ஆகஸ்ட் 9இல் பதவி விலகினார். மற்ற நாடாக்கள் வெளிவராமலிருக்க 1994இல் இறக்கும்வரை வழக்காடினார்.

டாக்காவிலுள்ள அமெரிக்க மைய நூலகம் இன்று ஆர்ச்சர் பிளட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.