கண்டி வேந்தர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர்

ஈழத்து மலைநாட்டின் தலைநகராய் விளங்கிய கண்டியை இறுதியாக ஆண்டவர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர் என்பதையும், அவர் நம் வேலூரிலே சிறையிருந்து மாண்டார் என்பதையும் சங்கத்து அன்பர்கள் கேட்டிருப்பர். அவர் நகரம் பின்னர் என்னவாயிற்று என்பதை அறிந்தார் சிலரே. ஆதலின் அதனையும் சேர்த்து ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர்தம் இயற்பெயர் கண்ணுசாமி. தென்னாட்டு நாயக்கர் மரபினர். 1798-இல், ஏறக்குறைய 18 வயதில், பிலிமத்தலாவை என்னும் மந்திரியின் துணையால் அரியணை ஏறினார். இளைஞர் தம் சொற்படி நடப்பார் என்று எண்ணிய அம்மந்திரியின் எண்ணம் பொய்த்தது. 1803-இல் கண்டியுட் புகுந்த ஆங்கிலேயரும் அங்கு நிலைத்திருக்க மாட்டாராய்ப் பெருஞ்சேதமுற்றனர்.

அதன்பின் வேந்தர் நகரை அழகு செய்யத் தொடங்கினார். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியைக் கொண்டு தந்ததாதுக் கோயிலின் முன்னர் எண்கோண மண்டபம் எடுப்பித்தார். வயலாய்க் கிடந்த பள்ளத்தைப் பெருங்குளமாக்கினார். குடிகளை வருத்தி வேலை வாங்கியதால் அக்குளம் அவருக்குப் பகையையும் வளர்த்தது. 1814-இல் எகலப்பொலை என்னும் பிரதானி ஆங்கிலேயரை அடைந்தபோது அவன் மனைவி மக்களைக் கொல்வித்தது கொடுஞ்செயலே. நம்மவர் வழியினர் என்பதற்காக அதனை மறைத்தல் தகாது. ஆயினும் அக்கொடுமைகளை ஊரறியப் பரப்பிய ஆங்கிலேயருக்கு அதனாற் பெரும்பயன் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

1815-ஆம் ஆண்டு பெப்ருவரியில் நகரம் வீழ்ந்தது. மறைந்திருந்த மன்னர் பிடிபட்டார். மார்ச்சு 2-இல், அவர் வீற்றிருந்த கொலுமண்டபத்திலேயே பிரதானிகள் நாட்டை ஒப்புவித்துக் கையெழுத்திட்டனர். மறு ஆண்டு குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையை அடைந்தவர், ஊர் திரும்பாமலே 1832-ஆம் ஆண்டு ஜனவரி 30-இல் காலமானார். பாலாற்றங்கரையில் அடக்கம் செய்யப்பட்ட அவ்விடத்தில் 1990-இல் முத்து மண்டபம் அமைந்தது.

நிற்க. நகரை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினாரல்லர். கட்டடங்களின் தொழிலை மாற்றினர். கொலுமண்டபம் நீதிமன்றமாயிற்று; தமக்கெனத் தேவாலயம் கட்டிக்கொள்ளும் வரையில் கிறிஸ்தவ வழிபாடும் அதிலேயே நடத்தினர். எண்கோண மண்டபம் சிறைக்கூடமாயிற்று. அரசியர் நீராடிய மண்டபம் புத்தகசாலையாயிற்று. குளத்தின் நடுவிலுள்ள தீவிலே வெடிமருந்தைச் சேர்த்து வைத்தனர். 1818-இல் மலைநாட்டார் கிளர்ச்சி அடங்கியபின் பிரதானிகளின் உரிமைகளும் குறைக்கப்பட்டன.

இவற்றினும் பெரிய மாற்றம் பாதையால் வந்தது. வண்டி செல்லும் வழியில்லாமையே முன்னாளில் கண்டிக்கு அரணாயிருந்தது. காடும் கணவாயும் காவல் செய்தன. எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் ஆளுநர் 1820-களில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்பிலிருந்து சாலை போடுவித்தார். 1833-இல் மலைநாட்டின் தனி ஆட்சிமுறையும் ஒழிந்து, அனைத்தும் கொழும்பின் கீழ் வந்தது. தலைநகர் காப்பித் தோட்டக்காரரின் சந்தை நகராயிற்று. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டு ஏழைகள் ஆயிரக்கணக்கிற் கடல் கடந்து, காட்டுவழியே கால்நடையாய் அம்மலையேறினர். வழியில் மாண்டார் பலர். அவர் பறித்த காப்பியைத் துறைமுகம் சேர்ப்பதற்கென்றே போடப்பட்ட புகைவண்டிப் பாதை 1867-இல் கண்டியை எட்டியது.