அணைக்குக் கீழே நின்றுவிட்ட மீன்

கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் அணைக்கரையைத் தாண்டித்தான் போவார்கள். கொள்ளிடத்தின் குறுக்கே அங்கே நிற்கும் கீழணையை ஆர்தர் காட்டன் 1836இல் கட்டினார். அதே காலத்தில்தான் முக்கொம்பில் மேலணையும் எழுந்தது. இந்த இரண்டு அணைகளால் காவிரிப் படுகையின் பாசனம் நிலைபெற்றது என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு காட்டன் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். கிருஷ்ணாவிலும் அணை வந்தது.

அதே காட்டன் 1867இல் ஒரு கேள்வியை எழுப்பினார். ஆறுகளின் குறுக்கே இப்படி அணை கட்டிக்கொண்டே போனால், கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன்கள் என்ன ஆகும், அதனால் கரையோர மீன்வளம் குறையாதா என்று லண்டனில் இருந்த இந்திய அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அணை கட்டியவரே இதைக் கேட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். கேள்வி மதறாஸ் அரசுக்கு வந்தது. அதற்குப் பதில் தேடும் பொறுப்பு ஒரு ராணுவ மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் பிரான்சிஸ் டே.

சென்னைக்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் 1639இல் மதறாஸில் கோட்டைக்கு இடம் வாங்கிய பிரான்சிஸ் டேயை நினைப்பார்கள். அவர் வேறு. இவர் பிறந்தது 1829 மார்ச் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்துவிட்டு, 1852இல் மதறாஸ் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பர்மாவில் அப்போது நடந்த போருக்குப் போனார். பிறகு கொச்சிக்கு மாற்றலாகி வந்தார்.

கொச்சிதான் அவரை மீன் பக்கம் திருப்பியது என்பது என் எண்ணம். காயலும் கடலும் ஆறும் ஒன்றோடொன்று கலக்கிற ஊர் அது. காலையில் கரைக்குப் போனால் மூன்று தண்ணீரின் மீனும் கூடையில் கிடக்கும். கொச்சியின் வரலாற்றைப் பற்றி 1863இல் ஒரு புத்தகம் எழுதினார். 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதே ஆண்டு, முண்டக்கயம் பக்கத்து மலை ஓடையில் கிடைத்த ஒரு சிறிய மீனுக்கு அப்போதைய மதறாஸ் கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். உடலில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும் அந்த மீனை இன்று வண்ணமீன் கடைகளில் மிஸ் கேரளா என்று விற்கிறார்கள். காட்டில் அளவில்லாமல் பிடித்து ஏற்றுமதி செய்ததில் அது இப்போது அழிவு அபாயத்தில் இருக்கும் மீன்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

டேயின் வாழ்க்கையில் ஒரு முரண் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு மீன்களுக்காக வாதாடப்போகும் இதே மனிதர், 1863இலும் 1866இலும் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட முயன்றார். இரண்டு முறையும் தோல்வி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற மீன்வள நிபுணர்தான் அதைச் சாதித்தார். அந்தக் கால வெள்ளைக்காரர்களுக்கு மலை ஓடை என்றால் டிரவுட் இருக்க வேண்டும், தூண்டில் போட வேண்டும். டேயும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஆனால் அந்த நீலகிரிப் பயணங்கள் வீண்போகவில்லை. மலையின் ஓடைகளிலும் அடிவாரத்து ஆறுகளிலும் ஏற்கெனவே என்னென்ன மீன் இருக்கிறது என்று தேடினார். பவானியில் கிடைத்த கெண்டை வகை ஒன்றை 1867இல் அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தவர் அவர்தான்.

காட்டனின் கேள்வி அவரிடம் வந்தது இந்தச் சமயத்தில். முதலில் மதறாஸ் மாகாணத்து ஆறுகள். பிறகு இந்திய அரசு வேலையை விரிவாக்கியது. ஒரிசா, வங்காளம், பஞ்சாப், பர்மா என்று அவர் சுற்றினார். 1871இல் அவரை இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக நியமித்தார்கள். 1877இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் வேலை செய்த முறையைக் கவனிக்க வேண்டும். தானே ஆற்றில் இறங்கி மீன் சேகரித்தார். அதோடு நிற்காமல் மாவட்ட கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினார். உங்கள் பகுதியில் மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, எந்த வலை, கண்ணி எவ்வளவு அகலம், குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா, எந்தப் பருவத்தில் என்று விசாரித்தார். அந்தப் பதில்களையும் சேர்த்து, 1873இல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். நாட்டின் நீளத்துக்கும் ஆற்று மீன்களின் நிலையை ஊர் ஊராகக் கேட்டறிந்த முதல் கணக்கெடுப்பு என்று அதைச் சொல்லலாம்.

அதில் அவர் கண்டது என்ன?

முதலாவது அணை. நம் உல்லம் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில் இலிஷ் என்றும் கோதாவரிக் கரையில் புலச என்றும் சொல்லப்படுவது இதுதான். கடலில் வளரும் இந்த மீன், வெள்ளம் வரும்போது ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைந்து எதிர்நீச்சலில் மேலே போய் நன்னீரில் முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். குறுக்கே ஓர் அணை நின்றால், சினை மீன் மொத்தமும் அதன் அடியில் வந்து முட்டி நிற்கும். மீன் பிடிப்பவருக்கு அது கொண்டாட்டம். வலையை வீசினால் போதும். ஆனால் பிடிபடுவது அடுத்த தலைமுறை.

இங்கிலாந்தில் ஆலைகளுக்காகக் கட்டிய தடுப்புகளாலும் கழிவாலும் தேம்ஸ் நதியில் சால்மன் மீன் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே இல்லாமல் போயிருந்தது. அதனால் அங்கே 1861இல் சட்டம் போட்டுத் தடுப்புகளில் மீன்வழி அமைக்கச் சொன்னார்கள். மீன்வழி என்பது அணையின் ஓரத்தில் படிப்படியாகத் தண்ணீர் இறங்கும்படி கட்டும் சிறிய கால்வாய். மீன் ஒவ்வொரு படியாக ஏறி மேலே போகும். அதையே இங்கும் செய்யலாம் என்று டே பரிந்துரைத்தார்.

இரண்டாவது, நம் வயல். உழவியல் படித்த எனக்கு அவருடைய அறிக்கையில் மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் விராலும் கெளுத்தியும் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் ஏறும். நெல் வயலின் ஆழமில்லாத, வெதுவெதுப்பான தண்ணீர் மீன் குஞ்சுக்கு நல்ல நாற்றங்கால். புழுவும் பாசியும் அங்கே ஏராளம். பிறகு வயலை வடிக்கும்போது குஞ்சுகள் தண்ணீரோடு இறங்கி ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். அந்த வடிமடையில்தான் நாம் பறி வைக்கிறோம். விரல் நுழையாத இடுக்கு உள்ள மூங்கில் பறியில் ஒரு குஞ்சுகூடத் தப்பாது. இப்படிப் பாசன நிலங்களில் பிடிபடும் குஞ்சுகளின் அளவைக் கண்டு டே கவலைப்பட்டார். கண்ணியின் குறைந்தபட்ச அகலத்தைச் சட்டத்தில் வரையறுக்க வேண்டும், வாய்க்கால்களிலும் வயல்களிலும் நிலையாக வைக்கும் பொறிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்.

நானும் சிறுவயதில் சம்பா வயலின் மடையில் பறி வைத்தவன்தான். விடியற்காலையில் தூக்கிப் பார்த்தால் அரைக் கூடை வெள்ளிக் குஞ்சு துள்ளும். பாதியைக் குழம்பு வைப்போம், மீதி வாத்துக்குப் போகும். அது என்ன மீன், வளர்ந்தால் எவ்வளவு எடை வரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. டேயின் அறிக்கையை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அந்தக் கூடைதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது காரணம் அரசுக்குப் பிடிக்காத காரணம். முன்பு பல இடங்களில் ஏரி, மடு, ஆற்றுப் பகுதிகளில் மீன்பாசி உரிமை குத்தகைக்குப் போகும். குத்தகை எடுத்தவர் அடுத்த ஆண்டும் மீன் வேண்டும் என்று கொஞ்சம் விட்டுவைப்பார். ஆங்கில ஆட்சியில் பல பகுதிகளில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றானது. கோடையில் ஆறு வற்றி மடுக்களாக நிற்கும்போது, கடைசி மீன்வரை அள்ளினார்கள். நஞ்சு கலப்பதும் நடந்தது. இந்தத் திறந்தவெளி உரிமைதான் அழிவை வேகப்படுத்தியது என்று டே எழுதினார்.

அவருடைய பரிந்துரைகளுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஏழைகளின் சாப்பாட்டில் கைவைப்பதா என்று கேட்ட அதிகாரிகள் இருந்தார்கள். கண்ணி அளவைக் கிராமம் கிராமமாகப் போய் யார் சோதிப்பது என்ற கேள்வியும் இருந்தது. இரண்டும் நியாயமான கேள்விகள். குஞ்சைத் தின்கிற குடும்பத்துக்கு அன்றைக்கு வேறு மீன் இல்லை என்பதை மேசையிலிருந்து பார்த்தால் தெரியாது. டே அதற்கு முழுமையான விடை தந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாகாணங்கள் ஆளுக்கொரு கருத்தில் நின்றதில் காலம் ஓடியது.

அந்தக் காலத்தில் டே தன் பெரிய வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1875 முதல் 1878வரை பகுதி பகுதியாக இந்திய மீன்கள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. கிட்டத்தட்ட 200 பக்கங்களுக்குப் படங்கள். ஒவ்வொரு மீனுக்கும் அறிவியல் பெயரோடு தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று அந்தந்த ஊர்ப் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்தார். ஆங்கில எழுத்தில் கொஞ்சம் சிதைந்துதான் இருக்கும். ஆனாலும் உரக்கப் படித்தால் நம் ஊர்க் கெண்டையும் விராலும் அதில் கேட்கும். இந்திய உயிரினங்கள் வரிசையில் 1889இல் வந்த இரண்டு தொகுதிகளில் 1400க்கு மேற்பட்ட மீன் வகைகளை விவரித்தார்.

லண்டன் அருங்காட்சியகத்தில் மீன் பிரிவை நடத்திய ஆல்பர்ட் குந்தருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் மறுப்பார். 1883இல் லண்டனில் நடந்த சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த டே, தன் சேகரிப்பில் ஒரு பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நம் ஆற்று மீன்கள் சாராயப் புட்டிகளில் சிட்னி போய்ச் சேர்ந்த கதை இதுதான். மிச்சம் இருந்தவை 1889இல் அதே லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதி செல்டன்ஹாமில் டே காலமானார். வயது 60.

அவர் கேட்ட சட்டம் அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. நிலையான பொறிகள், கண்ணி அளவு, பிடிக்கக் கூடாத காலம் ஆகியவற்றைப் பற்றி விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. பாசன அணைகளில் மீன்வழி கட்டாயம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. காட்டன் கேட்டது அணையைப் பற்றி. சட்டம் பேசியது வலையைப் பற்றி.

மதறாஸ் மாகாணம் மட்டும் கொஞ்சம் முயன்றது. 1907இல் மீன்வளத் துறை தொடங்கிய சில ஆண்டுகளில், நீலகிரியில் டிரவுட்டை நிலைநிறுத்திய அதே வில்சன், கொள்ளிடத்தில் உல்லம் மீனின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் சோதனையில் இறங்கினார். கீழணையில் மீன்வழியும் அமைந்தது. சால்மன் துள்ளி ஏறும் மீன். உல்லம் அப்படித் துள்ளாது. இங்கிலாந்துப் படிகளை அப்படியே இங்கே கட்டினால் அது ஏறுமா என்ற கேள்வி 1940களில் கீழணையிலேயே ஆராயப்பட்டது. அதற்குள் மேலே மேட்டூர் அணையும் 1934இல் எழுந்துவிட்டது.

காவிரியில் வாழும் வெண்கெண்டையும் கருமுழிக் கெண்டையும் இன்று வலையில் விழுவது குறைந்துவிட்டது. அணைகளின் நீர்த்தேக்கங்களில் விடப்படுவது பெரும்பாலும் கங்கைப் பக்கத்துக் கட்லாவும் ரோகுவும்தான். தென்னாட்டு ஆறுகளில் ஒரு மீன் எந்த இனம் என்று சந்தேகம் வரும்போது, ஆய்வாளர்கள் இன்றும் சிட்னிக்கும் லண்டனுக்கும் கொல்கத்தாவுக்கும் எழுதி, டே அடைத்துவைத்த புட்டியிலிருந்து அந்தப் பழைய மீனை எடுத்துச் செதில்களை எண்ணிச் சொல்லும்படி கேட்கிறார்கள்.