மாயக் கூரை செய்த பல் டாக்டர் – ஜார்ஜ் பாலின் (1902 – 1942)



இந்த மாதம் நாம் தெரிந்துகொள்ளப் போவது பிரான்ஸ் நாட்டு பல் டாக்டர் ஒருவரைப் பற்றி. பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குவார், பல் கட்டுவார், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். இவர் காருக்குக் கூரை செய்தவர். ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் இரும்புக் கூரை தானாக எழும்பி, பின்னால் போய், டிக்கிக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தக் காலத்துப் படங்களில் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோமே, அந்த வித்தைதான். அதை 1930களிலேயே செய்து காட்டியவர் ஜார்ஜ் பாலின். அவருடைய வாழ்க்கை எப்படி முடிந்தது என்று படித்தால் மனசு கனத்துப் போகும். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

★ பிறப்பும் தொழிலும்

ஜார்ஜ் பாலின் 1902-ஆம் ஆண்டு பிறந்தார். பாரிஸ் நகரத்தில் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்ப்பார். ஆனால் அவர் மனசு முழுக்க கார்தான். கார் வரைவது, அதன் வடிவத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது என்று மிச்ச நேரத்தை எல்லாம் அதிலேயே செலவழித்தார். கார் கம்பெனி எதிலும் அப்போது அவர் வேலையில் இல்லை.

கார் எங்கே, பல் எங்கே என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரம் இல்லை. பல் கட்டும்போது மயிரிழை இடைவெளி இருந்தாலும் சரியாகப் பொருந்தாது, வலிக்கும். சின்ன இடத்துக்குள் கெட்டியான ஒரு பொருளைக் கச்சிதமாகப் பொருத்துவதுதான் அந்தத் தொழில். கார் கூரைக்கும் அதே கைப்பக்குவம் வேண்டும். கண்ணாடியோடு சரியாகச் சேராவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகும், வேகமாகப் போகும்போது காற்று விசிலடிக்கும்.

★ அப்படி என்ன பிரச்சினை?

அந்தக் காலத்தில் திறந்த கார் என்றாலே துணிக் கூரைதான். வெயில் இதமாக இருந்தால் துணியை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். மழை வந்தால் இறங்கி, கம்பிகளை நிமிர்த்தி, துணியை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் ஆள் தொப்பலாக நனைந்துவிடுவார். குளிர்காலத்தில் துணி வழியாகக் காற்று புகும். நாள்பட்டால் கிழியும்.

சரி, இரும்புத் தகட்டில் கூரை போட்டால் என்ன? மழை, குளிர், திருடன் எதற்கும் பயமில்லை. ஆனால் துணி மடங்கும், தகடு மடங்காதே! கழற்றினால் அதை எங்கே வைப்பது? வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால் பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் பென் எல்லர்பெக் என்பவர் 1922-லேயே ஹட்சன் கார் ஒன்றில் பின்னால் நகரும் கெட்டிக் கூரையைப் பொருத்திப் பார்த்தார். கையால் தள்ள வேண்டிய கூரை அது. ஆனால் அது விற்பனைக்கு வரவே இல்லை.

★ பாலினின் வழி

பாலின் கூரையை மட்டும் தனியாக யோசிக்கவில்லை. காரின் பின்பக்கம் முழுவதையும் சேர்த்து யோசித்தார். அவர் வழி இதுதான்:

1. டிக்கியின் மூடி வழக்கம்போல முன்பக்கக் கீலில் திறக்காது. கீல் வாலின் கடைசியில் இருக்கும். அதனால் மூடி பின்னோக்கி முதலை வாய் மாதிரி திறக்கும்.

2. கூரையை இரண்டு பக்கமும் கரங்கள் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கரங்கள் பின்னால் சாயும்போது கூரையும் எழும்பிப் பின்னால் போகும்.

3. கூரை டிக்கிக்குள் இறங்கியதும் மூடி மேலே மூடிக்கொள்ளும். கூரை இருந்த சுவடே தெரியாது.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல் பாருங்கள். கூரை எவ்வளவு நீளமோ, டிக்கியும் அவ்வளவு நீளமாக இருந்தாக வேண்டும். டிக்கி நீண்டால் காரே நீண்டுவிடும், பார்க்க அசிங்கமாகிவிடும். இங்கேதான் பாலினின் திறமை தெரிகிறது. வாலை நீளமாக, வழுவழுவென்று கீழே சரியும்படி வரைந்தார். காற்று தடையில்லாமல் வழுக்கிப் போகும் வடிவம் அது. கட்டாயத்துக்காக வந்த நீள வாலே காருக்கு அழகாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு அவர் பிரான்சில் காப்புரிமை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் எக்லிப்ஸ், அதாவது கிரகணம். கிரகணத்தில் சூரியன் மறைந்து மறுபடி வருவது போல இந்தக் கூரையும் மறைந்து மறுபடி வருகிறது. பொருத்தமான பெயர்தானே!

[செய்து பார்ப்போம்: ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் முனைகளைச் சற்று இடைவெளி விட்டு ஓர் அட்டையில் குண்டூசியால் குத்துங்கள். மேல் முனைகளை அதே இடைவெளியில் இன்னொரு சின்ன அட்டையில் குத்துங்கள். சின்ன அட்டைதான் கூரை. அதைப் பின்னால் தள்ளினால் சாயாமல் மட்டமாகவே போய் இறங்கும். கணக்குப் பாடத்தில் படித்த இணைகரம்தான் இது! பட்டை ஒன்றை மட்டும் கொஞ்சம் குட்டையாக்கிப் பாருங்கள், கூரை சாய்ந்து இறங்கும். மடங்கும் கூரைகளை வடிவமைப்பவர்கள் இந்த நீள வித்தியாசத்தை வைத்துத்தான் விளையாடுகிறார்கள்.]

★ மூவர் கூட்டணி

தனி ஆளாக எல்லாம் செய்ய முடியுமா? பாலினுக்கு நல்ல கூட்டாளிகள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் மார்செல் பூர்த்தூ, காருக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர். இன்னொருவர் எமில் டார்ல்மா, பாரிசில் பியூஜோ கார் விற்பவர். பாலின் வரைவார், பூர்த்தூ கட்டுவார், டார்ல்மா விற்பார்.

1934-ல் பியூஜோ 401 எக்லிப்ஸ் வெளிவந்தது. மின்மோட்டாரால் இயங்கி மறையும் கெட்டிக் கூரையோடு விற்பனைக்கு வந்த முதல் கார் என்று இதைச் சொல்கிறார்கள். பியூஜோ 601, லான்சியா பெல்னா கார்களிலும் இந்தக் கூரை வந்தது. 1935-ல் பியூஜோ கம்பெனியே காப்புரிமையை விலைக்கு வாங்கி, 402 என்ற தன் புதிய காரில் போட்டது. (இதே பியூஜோ கம்பெனியின் 309 கார் 1990களில் நம் நாட்டிலும் தயாரானது.)

402-ல் இன்னொரு விஷயம் நடந்தது. முதலில் மோட்டார் வைத்தார்கள். அப்புறம் நீளமான சேசிஸில் கட்டியபோது மோட்டாரை எடுத்துவிட்டுக் கையாலேயே நகர்த்தும்படி மாற்றிவிட்டார்கள். மோட்டார் இல்லையென்றால் அது கெட்டுப்போகவும் வழியில்லை. மோட்டாரை எடுத்த பிறகும் கூரை மறைந்தது, வந்தது. அப்படியென்றால் பாலினின் உண்மையான கண்டுபிடிப்பு மோட்டாரில் இல்லை, கரங்களின் கணக்கில்தான் இருந்தது!

★ வேகத்தின் ஓவியர்

பாலின் கூரையோடு நிற்கவில்லை. அவர் வரைந்து பூர்த்தூ கட்டிய பியூஜோ டார்ல்மா கார்கள் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1937-ல் 7, 8, 10-ஆம் இடங்களைப் பிடித்தன. 1938-ல் ஒரு கார் 5-ஆம் இடம் பிடித்து, 2 லிட்டர் பிரிவில் முதலிடமும் பெற்றது.

1938-ல் எம்பிரிகோஸ் என்பவருக்காக ஒரு பென்ட்லி காருக்கு வடிவம் கொடுத்தார். அந்தக் கார் 1939-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஒரு மணி நேரத்தில் சுமார் 184 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சினை விட, காற்றைக் கிழித்துப் போகும் அதன் உடம்புதான் பேசப்பட்டது. போரெல்லாம் முடிந்த பிறகு 1949-ல், பதினோரு வயசான அதே கார் லெ மான் பந்தயத்தில் ஓடி 6-ஆம் இடம் பிடித்தது. அதைப் பார்க்க பாலின் உயிரோடு இல்லை.

1930களின் கடைசியில் பாலின் பல் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேரமும் கார் வடிவமைப்பில் இறங்கினார். பென்ட்லி கம்பெனிக்காக கார்னிஷ் என்ற புதிய காரை வரைந்தார். 1939-ல் சோதனை ஓட்டமும் நடந்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்துக்கு அனுப்ப தியெப் துறைமுகத்தில் வைத்திருந்த அந்தக் காரின் பாடி குண்டுவீச்சில் அழிந்தது. (பென்ட்லி கம்பெனி 2019-ல் பழைய வரைபடங்களைக் கொண்டு அந்தக் காரை மறுபடியும் உருவாக்கியது.)

★ நாடு விழுந்தது, அவர் எழுந்தார்

1940 ஜூன் மாதம் ஹிட்லரின் படை பாரிசுக்குள் நுழைந்தது. பிரான்ஸ் சரணடைந்தது. நிறையப் பேர் நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, உயிர் பயம் எல்லோருக்கும் உண்டு.

பாலின் அப்படி இருக்கவில்லை. அவர் ராணுவ வீரரும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. ஆனால் பிரிட்டனுக்காக ரகசியத் தகவல் சேகரித்த அலிபி என்ற குழுவில் சேர்ந்தார். ஜாக் கெல்னர் என்ற இன்னொரு பாடி கட்டுபவரும் அதே வேலையில் இருந்தார். ஜெர்மானியப் படையைப் பற்றிய தகவல்களைத் திரட்டி ரகசியமாக அனுப்பினார்கள்.

கடைசியில் பிடிபட்டார்கள். ஜெர்மானிய ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1942 மார்ச் 21 அன்று, பாரிசுக்கு மேற்கே உள்ள மோன் வலேரியன் கோட்டையில் பாலினும் கெல்னரும் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாலினுக்கு 40 வயசுகூட ஆகவில்லை. அந்தக் கோட்டையில் போர்க் காலத்தில் சுடப்பட்டவர்கள் 1000 பேருக்கு மேல். அந்தக் குன்றை ஒட்டிய ஊர்தான் ருயெய் மால்மேசோன். பூர்த்தூவின் பட்டறை இருந்தது அங்கேதான். தான் வரைந்த கார்கள் உருவான ஊருக்குப் பக்கத்திலேயே அவர் உயிர் போனது.

★ அவருக்குப் பின்

போருக்குப் பிறகு 1957-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி ஸ்கைலைனர் காரில் கெட்டிக் கூரையைக் கொண்டுவந்தது. கூரை டிக்கிக்குள் அடங்க அதன் முன்நுனியையும் மடக்கினார்கள். அதற்காக உள்ளே ஓடிய ஒயர் மட்டும் ஏறத்தாழ 185 மீட்டர்! மூன்று வருடத்தில் சுமார் 48,000 கார்கள் செய்து, 1959-ல் நிறுத்திவிட்டார்கள்.

1996-ல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வந்தது. கூரை இரண்டு துண்டாக மடிந்ததால் வாலை நீட்ட வேண்டிய தேவை குறைந்தது. 2000-ல் பியூஜோ கம்பெனியே 206 சி.சி. என்ற சின்னக் காரில் மின்சாரக் கூரையைக் கொண்டுவந்தது. 60 வருடத்துக்கு மேல் கழித்து பாலினின் யோசனை பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது போல!

இப்போது பல கம்பெனிகள் மறுபடியும் துணிக்கே போய்விட்டன. பி.எம்.டபிள்யூ 4 சீரிஸ் திறந்த கார் 2020-ல் கெட்டிக் கூரையை விட்டுவிட்டுத் துணிக் கூரையோடு வந்தது. காரணம் எடையும் டிக்கி இடமும்தான். கூரை டிக்கிக்குள் போய்விட்டால் பெட்டி படுக்கையை எங்கே வைப்பது? பாலின் அன்று எதிர்கொண்ட கேள்விக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. விடை கண்டுபிடிக்க நமக்கும் இடம் இருக்கிறது நண்பர்களே!

★ நாம் கற்றுக்கொள்வது

'இது என் வேலை இல்லை' என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? வகுப்பில் குழாய் ஒழுகினால், மின்விசிறி சும்மா சுற்றினால், பக்கத்து பெஞ்சுப் பையனை யாராவது வம்புக்கு இழுத்தால்கூடச் சொல்கிறோம். கார் கூரை பல் டாக்டரின் வேலை இல்லை. எதிரிப் படையை உளவு பார்ப்பது கார் வரைபவரின் வேலை இல்லை. இரண்டையும் பாலின் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். முதலாவது அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. இரண்டாவது அவர் உயிரையே கேட்டது. அதையும் கொடுத்தார்.

அடுத்த முறை ஒரு காரின் கூரை தானாகத் திறப்பதைப் பார்த்தால், பாரிசில் பல் பிடுங்கிக்கொண்டே அதைக் கனவு கண்ட மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க: டிக்கி இடத்தை அடைக்காமல் கெட்டிக் கூரையை எங்கே வைக்கலாம்? உங்கள் யோசனையை ஒரு தாளில் வரைந்து இதழ்க் குழுவிடம் கொடுங்கள். நல்ல படங்கள் அடுத்த இதழில் ஒட்டப்படும்.