தழும்பைத் தேடிய வைத்தியர்: வைல்டர் பென்பீல்ட்

தலையில் சன்னமோ செல் துண்டோ பாய்ந்த காயம் ஆறி, ஆள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் வலிப்பு வரக்கூடும். சிலருக்குச் சில மாதங்களில் வரும். சிலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும். அது ஏன் என்று போர்க்காயம் பட்டவர்களின் மூளையிலேயே தேடியவர் வைல்டர் பென்பீல்ட்.

1891 இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, பிரான்சில் செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றக் கப்பலேறினார். 1916 மார்ச் 24 அன்று அந்த ‘சசெக்ஸ்’ கப்பலை ஆங்கிலக் கால்வாயில் ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியது. குறைந்தது 50 பேர் இறந்தார்கள். பென்பீல்ட் காலில் காயத்தோடு தப்பினார்.

12 ஆண்டுகளின் பின்னர் அவர் தொழில் பழகப் போனது அதே ஜேர்மனிக்குத்தான். அப்போது ஜேர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் ஒட்பிரிட் போர்ஸ்டர் என்ற நரம்பியல் வைத்தியர் இருந்தார். முதலாம் உலகப் போரில் காயப்பட்டு வந்தவர்களுக்காகவே கத்தியைக் கையில் எடுத்தவர் அவர். போர் முடிந்து பத்தாண்டுகளாகியும் தலைக்காயத்தால் வலிப்பு வந்த பழைய படையினர் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள்.

மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலைத்தோலை மட்டும் விறைக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார் போர்ஸ்டர். வலிப்புக்கு முன் வழமையாக வரும் உணர்வு எந்த இடத்தைத் தொடும்போது வருகிறதோ, அந்த இடத்தில் சந்தேகம். அங்கேயுள்ள தழும்பை வெட்டி எடுப்பார். பென்பீல்ட் அதை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். தழும்பு சுருங்கச் சுருங்க, அயலிலுள்ள மூளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே ஆறிய காயம் உள்ளே ஓயவில்லை. இருவரும் 1930 இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வலிப்பைப் பேய் பிடித்ததென்றோ பரம்பரைச் சாபமென்றோ ஒதுக்கியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

1928 இலேயே மொன்றியலுக்குப் போய்விட்டார் பென்பீல்ட். அந்த ஆண்டின் இறுதியில், நெடுங்காலம் வலிப்பால் துன்பப்பட்ட தன் சொந்த அக்கா ரூத்துக்கு அவரே சத்திரசிகிச்சை செய்தார். அங்கே இருந்தது தழும்பு அல்ல, பெரிய கட்டி. முழுவதையும் எடுக்க முடியவில்லை. 1931 இல் ரூத் இறந்தார். 1934 இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தோடு மொன்றியல் நரம்பியல் நிறுவகம் திறக்கப்பட்டது. அங்கே விழித்திருந்த நோயாளிகள் சொன்னவற்றைக்கொண்டு, கை, உதடு, நாக்கு ஆகியவற்றை மூளையின் எந்தெந்தப் பகுதி இயக்குகிறது என்று அவர் வரைந்த படம் இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. அந்த முறைக்குத் தலை கொடுத்த பிரெஸ்லாவ் படையினரை யாரும் பெரிதாக நினைவுகூருவதில்லை.

பென்பீல்ட் 1976 இல் காலமானார். வியட்நாம் போரில் தலையைத் துளைத்த காயங்களோடு தப்பிய 421 அமெரிக்கப் படையினரைப் பற்றிய ஆய்வொன்று 1985 இல் வெளிவந்தது. காயம் பட்டு 15 ஆண்டுகளுக்குள் அவர்களில் 53 வீதமானோருக்கு வலிப்பு நோய் வந்திருந்தது. பிற்காலத்தில் மீண்டும் பரிசோதித்தபோது, அதற்கும் பிறகு முதல் வலிப்பு வந்தவர்களும் இருந்தார்கள்.