வெப்பம் செல்லும் வழியைக் கணக்கிட்ட ஜோசப் ஃபூரியே

குளிர் நாடுகளில் ஒரு கட்டடம் எழுப்பப்படுவதற்கு முன்னரே, அதன் சுவர்கள், கூரை, ஜன்னல்கள், தரை ஆகியவற்றின் வழியாக எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதைக் கணினி மென்பொருட்கள் கணித்துவிடுகின்றன. அங்கு பொருத்தப்படும் வெப்பமூட்டும் கருவியின் அளவும், குடியேறுவோர் செலுத்த நேரும் எரிபொருள் கட்டணமும் பெருமளவில் இந்தக் கணிப்பைச் சார்ந்தவை.

ஆனால் கணிப்புக்கும் கட்டடத்தில் அளந்தறியப்படும் இழப்புக்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்படுவதுண்டு. அப்போது பொறியாளர்கள் எழுப்பும் கேள்விகளில் பலவும் புதியவை அல்ல. அவற்றை இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கணித வடிவில் முன்வைத்தவர், பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே.

தையற்காரரின் மகன்

ஃபூரியே 1768 மார்ச் 21-ம் தேதி பிரான்சின் ஒசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அவர், பெனடிக்டைன் துறவிகள் நடத்திய இராணுவப் பள்ளியில் கல்வி கற்றார். துறவியாகும் எண்ணத்துடன் 1787-ல் மடத்தில் சேர்ந்தாலும், 1789-ல் உறுதிமொழி எடுக்காமலேயே வெளியேறினார்.

அந்த ஆண்டில் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி அவரையும் ஈர்த்தது. ஒசேர் நகரின் புரட்சிக் குழுவில் பங்கெடுத்த அவர், 1794-ல் அதே புரட்சியின் பெயரால் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் ரொபெஸ்பியர் வீழ்ச்சியடைந்த பின்னரே அவர் விடுதலை பெற்றார்.

அதன் பின்னர் பாரீஸில் லக்ராஞ்சு, லப்லாஸ், மோஞ்சு ஆகிய கணித மேதைகளிடம் பயின்று, தாமும் ஆசிரியரானார். 1798-ல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் இணைந்து, கெய்ரோவில் நிறுவப்பட்ட ஆய்வுக் கழகத்தின் செயலராகப் பணியாற்றினார்.

கிரனோபிளில் ஆய்வு

பிரான்ஸ் திரும்பிய ஃபூரியே கற்பித்தல் பணியைத் தொடரவே விரும்பினார். எனினும் நெப்போலியன் 1802-ல் அவரை, கிரனோபிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸேர் மாவட்டத்தின் ஆட்சியராக நியமித்தார். பூர்குவான் சதுப்பு நிலங்களை வடியச் செய்ததும், இத்தாலியின் டுரின் நோக்கிச் செல்லும் சாலைப் பணியை மேற்கொண்டதும் அவரது நிர்வாகச் சாதனைகளாகும்.

தலைநகரின் அறிவியல் வட்டாரங்களிலிருந்து விலகியிருந்த இந்த ஆண்டுகளில்தான் அவர் வெப்பத்தை ஆராய்ந்தார். இரும்பு வளையத்தைச் சூடாக்கி, அதன் பல்வேறு இடங்களில் வெப்பமானிகளைப் பொருத்தி, கணக்கும் அளவீடும் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்தார். ஒரு பொருளினுள் வெப்பம் பாயும் வேகம், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே வெப்பநிலை எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது என்பதே அவரது அடிப்படைக் கருத்து.

1807 டிசம்பர் 21-ம் தேதி பாரீஸ் அறிவியல் கழகத்தில் அவரது ஆய்வுரை சமர்ப்பிக்கப்பட்டது. எந்தவொரு வெப்பநிலைப் பரவலையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்ற அவரது வாதத்தை லக்ராஞ்சு ஏற்கவில்லை. ஆய்வுரை வெளியிடப்படாமல் நின்றது.

வெப்பப் பரவலைப் பற்றி அறிவிக்கப்பட்ட போட்டியில் பரிசு ஃபூரியேக்கே கிடைத்தது. ஆனால் நிரூபணத்தில் போதிய கண்டிப்பு இல்லை என்ற குறையும் சேர்த்தே கூறப்பட்டது. அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. அத்தகைய தொடர்கள் எந்நிலைகளில் செல்லுபடியாகும் என்பதை 1829-ல் ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிக்லே நிறுவிக் காட்டினார்.

மூடிய அறையும் நிலத்தடியும்

முதல் சமர்ப்பிப்புக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1822-ல், வெப்பத்தின் பகுப்பாய்வுக் கோட்பாடு என்னும் அவரது நூல் வெளியானது. மூடிய இடங்களைச் சூடாக்குவது பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. சுவரின் பரப்பு, தடிமன், பொருளின் கடத்துதிறன், சுவர் மேற்பரப்புகளில் காற்றுடன் நிகழும் வெப்பப் பரிமாற்றம் ஆகியவை அறையின் இறுதி வெப்பநிலையை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்று அவர் அதில் கணக்கிட்டார்.

பொருளுக்கு உள்ளே நிகழ்வதையும் அதன் எல்லையில் நிகழ்வதையும் அவர் தனித்தனியே பிரித்துக் காட்டினார். சமன்பாட்டின் இரு பக்கங்களிலும் அளவலகுகள் பொருந்த வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்.

நிலத்தினுள் வெப்பம் இறங்கும் விதத்தையும் அவர் ஆராய்ந்தார். பகல் இரவு மாற்றம் மிகக் குறைந்த ஆழத்திலேயே மங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதற்குமான ஏற்றத்தாழ்வோ அதைப் போல ஏறத்தாழ 19 மடங்கு ஆழம் வரை, காலதாமதத்துடன் செல்கிறது. ஆழமான நிலவறைகளில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அநேகமாக மாறாதிருப்பதற்கு இதுவே காரணம்.

இன்றைய மென்பொருட்களில்

அமெரிக்க எரிசக்தித் துறையின் எனர்ஜிபிளஸ், பிரிட்டனின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் உருவான ஈஎஸ்பி-ஆர் போன்ற மென்பொருட்கள், சுவர்களின் வழியான கடத்தலுக்கு ஃபூரியேயின் சமன்பாட்டையே பயன்படுத்துகின்றன. விடை பிழைக்கும்போது தவறு சமன்பாட்டில் இருப்பது அரிது. அதற்கு அளிக்கப்பட்ட தகவல்களிலேயே தவறு பெரும்பாலும் காணப்படுகிறது.

100 மில்லிமீட்டர் தடிமனான காப்புப் பொருளை 100 மீட்டர் என்று பதிந்துவிட்டால், சுவர் வழியே வெப்பம் வெளியேறுவதே இல்லை என்று கணினி காட்டும். தரைக்கு அடியில் உள்ள மண்ணுக்கு வெளிக்காற்றின் வெப்பநிலையை அளித்தால், குளிர்காலத் தரை இழப்பு மிகைப்படும். சுவரின் தொடக்க வெப்பநிலை சரியாக அமையாவிடில், முதல் சில நாட்களுக்கான கணக்கு திரிந்துவிடும். இதைத் தவிர்க்கவே எனர்ஜிபிளஸ் முதல் நாளைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, விடைகள் நிலைபெற்ற பின்னரே மேலே செல்கிறது.

காப்புப் பொருளை ஊடுருவி வெளியே நீளும் கான்கிரீட் பால்கனி மற்றொரு சிக்கல். அங்கு வெப்பம் பக்கவாட்டிலும் பாயும். ஃபூரியேயின் சமன்பாடு முப்பரிமாணத்துக்கும் பொருந்தும் என்றாலும், பல மென்பொருட்கள் சுவரை ஒரே திசையில் மட்டுமே கணக்கிடுகின்றன. இடுக்குகள் வழியான காற்றுக் கசிவோ கடத்தல் கணக்கில் அடங்காதது என்பதால், அதைத் தனியாகவே மதிப்பிட வேண்டியுள்ளது.

மாறிய ஆட்சிகள்

1815-ல் எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் கிரனோபிள் வழியாகவே பாரீஸ் நோக்கிச் சென்றார். அவரை எதிர்கொள்ளாமல் நகரைவிட்டு அகன்ற ஃபூரியே, பின்னர் அவரிடமே ரோன் மாவட்ட ஆட்சியர் பதவியை ஏற்று, விரைவிலேயே விலகினார். முடியாட்சி திரும்பியதும் இந்தக் கடந்தகாலம் அவருக்கு எதிராக நின்றது. அறிவியல் கழகத்துக்கு 1816-ல் அவர் தெரிவு செய்யப்பட்டபோது, மன்னர் பதினெட்டாம் லூயி ஒப்புதல் அளிக்க மறுத்தார். மறு ஆண்டில் அத்தெரிவு ஏற்கப்பட்டது. 1822-ல் அவர் கழகத்தின் நிரந்தரச் செயலரானார்.

எகிப்திலிருந்து திரும்பிய பின் குளிரைத் தாங்க இயலாதவராக இருந்த அவர், அறைகளை மிகையாகச் சூடாக்கி, கனத்த ஆடைகளுடன் வாழ்ந்ததாகக் கூறப்படுகிறது. பூமியின் வெப்பநிலை குறித்து 1824-ல் வெளியான அவரது ஆய்வு, வளிமண்டலம் வெப்பத்தைத் தேக்கி வைப்பது பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஜோசப் ஃபூரியே 1830 மே 16-ம் தேதி பாரீஸில் காலமானார். ஈஃபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களில் அவரது பெயரும் ஒன்று.