உண்ணியின் வழி கண்டவர்

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரமாகியும் தணியவில்லை என்று வைத்துக்கொள்வோம். தலையிடி, உடலுளைவு, சிவந்த கண். படகேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொணர்ந்து, ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அவரை அழைத்துச் செல்வர். நெருப்புக் காய்ச்சல் என்பார் சிலர். டெங்கு என்பாரும் உளர். அநுபவமிக்க மருத்துவரோ ஆடையை விலக்கி அக்குளிலும் அரையிடுக்கிலும் கறுத்த பொருக்கு ஒன்றைத் தேடுவார். பற்றைக்குள் போனதுண்டா, ஆடு மாடு மேய்ப்பதுண்டா, உண்ணி கடித்ததுண்டா என்றும் வினவுவார். இவ்வினாக்களுக்கு மருத்துவத்தில் இடம் தேடித் தந்தவருள் தலையாயவர், தாம் ஆராய்ந்த நோயினத்துக்கே 39ஆம் வயதில் இரையான அமெரிக்கர் ஹோவார்ட் ரெய்லர் றிக்கெற்ஸ்.

ஒகையோ மாநிலத்துப் பின்ட்லே என்னும் ஊரில் 1871 பெப்ரவரி 9ஆம் நாள் அவர் பிறந்தார். 1897இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் மணம் புரிந்தார். பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆசிரியரானார். அமைதியான பேராசிரியர் வாழ்வு அவருக்கு வாய்த்திருக்கலாம். ஆயின் 1906ஆம் ஆண்டு வசந்தத்தில் மொன்ரானா மாநிலத்துப் பிற்றறூற் பள்ளத்தாக்குக்கு அவர் பயணமானார். கசப்புவேர் என்பது அப்பெயரின் பொருள். அங்கு வாழ்ந்த குடியானவர்க்குப் பெயரும் பொருந்தியே இருந்தது. வசந்தம் தோறும் ஒரு கொடுங்காய்ச்சல் அவர்களைப் பற்றும். உடலெங்கும் புள்ளிகள் எழும். பற்றியவருள் பெரும்பாலோர் மாள்வர். ஆற்றின் மேற்குக் கரையிலேயே அது மிகுதி. பனி உருகிய நீரைப் பருகுவதால் வருவதென ஊரார் நம்பினர்.

வைத்தியசாலை வளவில் கூடாரம் அடித்து, அதையே ஆய்வுக்கூடமாக்கினார் றிக்கெற்ஸ். நோயாளியின் குருதியைக் கினிப்பன்றிக்கு ஏற்றினார்; அதற்கும் காய்ச்சல் கண்டது. நோயுற்ற அவ்விலங்கில் உண்ணியைக் கடிக்கவிட்டு, அதே உண்ணியை நலமுள்ள மற்றொன்றில் விட்டார், அதுவும் நோயுற்றது. தாயுண்ணியிலிருந்து முட்டைக்கும் நோய் செல்லக்கூடும் எனப் பின்னர் காட்டினார். ஊரார் மகிழ்ந்தனரோ எனின், இல்லை. உண்ணிக்கு அஞ்சிக் குடியேறுவோர் வாரார், நிலத்தின் விலை வீழும் என முணுமுணுத்தோர் பலர். உயிர் போகும் இடத்திலும் காணி விலை பேசும் வழக்கம் எந்நாட்டுக்கும் பொதுப்போலும்!

நோயாளியின் குருதியிலும் உண்ணியின் முட்டையிலும் மிக நுண்ணிய உருக்களை அவர் கண்டார். அவையே நோய்க்கிருமி என உள்ளம் சொல்லியும், ஐயமறத் தெளியாமையால் பெயர் சூட்டாது விட்டார். அவ்வடக்கமே அவரிடத்து நாம் பெரிதும் மதிக்கத்தக்கது.

மொன்ரானாவில் ஆய்வுக்குப் பணம் தடைப்பட, 1909இன் இறுதியில் மெக்சிக்கோ சென்றார். அங்குப் பரவிய தைபஸ் காய்ச்சல் பேனால் வருவது என, ரியூனிசில் நிக்கோல் கண்டதைத் தாமும் தம் மாணவர் வைல்டரும் உறுதி செய்தனர். பள்ளத்தாக்கின் நோயும் இதுவும் தோற்றத்தில் ஒத்தவை எனினும் வேறு வேறு என்பதையும் நிறுவினர். அவ்வாய்விடையே தைபஸ் அவரையே பற்றியது. 1910 மே 3ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் உயிர் நீத்தார். புரோவாசெக் என்னும் அறிஞரும் 1915இல் அந்நோயாலேயே மாண்டார். மறு ஆண்டு பிரேசில் நாட்டு றோச்சா லீமா, பேன்வழி வரும் கிருமிக்கு றிக்கெற்சியா புரோவாசெக்கி என இருவர் பெயரையும் இணைத்துச் சூட்டினார்.

அதே போர்க்காலத்தில் வைல், பீலிக்ஸ் என்போர் கண்ட குருதிச் சோதனை நெடுங்காலம் உலகெங்கும் வழங்கியது. வேறொரு கிருமியை நோயாளியின் குருதி திரளச் செய்கிறதா எனப் பார்க்கும் எளிய முறை அது. ஆயின் நோயின் முதல் வாரத்தில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. பின்னரும் பிழை நேரும். இன்று நம்பப்படும் ஒளிர்எதிர்ப்பொருட் சோதனைக்கும் வாரங்கள் இடைவிட்டு இருமுறை குருதி எடுத்தல் நன்று. நோயாளி அதுவரை காத்திருப்பாரா?

இலங்கையில் மலைநாட்டில் உண்ணிவழிப் புள்ளிக் காய்ச்சலும், வடபுலத்தில் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் பற்றைக் காய்ச்சலும் மிகுதி. பின்னதன் கிருமி 1995இல் றிக்கெற்சியாவிலிருந்து பிரிக்கப்பட்டு வேறு இனப்பெயர் பெற்றது, குடும்பம் ஒன்றே. நம் மக்கள் இரண்டையும் உண்ணிக் காய்ச்சல் என்றே வழங்குவர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. 1948இல், எம்மவர் பலர் தொழில் பார்த்த மலாயாவின் கோலாலம்பூரில், குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து பற்றைக் காய்ச்சலைத் தீர்த்தது. பற்றைக் காய்ச்சலெனத் தவறாகக் கருதப்பட்ட நெருப்புக் காய்ச்சல் நோயாளரும் அதனாலேயே பிழைத்தனர். ஆகவே அந்நாளில் நோயை மாறிக் கணித்தாலும் மருந்து காத்தது. இன்று நெருப்புக் காய்ச்சலுக்கு ஏற்றும் செப்ரியாக்சோன் போன்றவை உண்ணிக் காய்ச்சலை அணுகுவதில்லை. அதற்கு வேண்டுவது டொக்சிசைக்கிளின் என்னும் மலிவான மாத்திரை. தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் தாக்குண்ணலாம்.

அந்தக் கறுத்த பொருக்கு நோவதில்லை, அரிப்பதுமில்லை; எனவே நோயாளி அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. கூச்சத்தால் மறைக்கும் இடத்திலேயே அது பெரும்பாலும் இருக்கும். சிலரிடம் இராமலும் போகும். ஆதலால் சோதனை முடிவு யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருமுன், பற்றைக்குள் போனதையும் மாட்டுப் பட்டியில் நின்றதையும் கேட்டறிந்து, அதைக்கொண்டே மருத்துவர் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்.