கல்லறையில்லாத பாடகர்

அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பகுதியிலும் வெளிவந்த பழைய ரொக் இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் உள்ளனர். ஓர் இசைத்தட்டு எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதன் விலை ஏறும். கம்போடியப் பாடகர் சின் சிசாமுத்தின் இசைத்தட்டுகளுக்கும் அச்சந்தையில் இடமுண்டு. அவை எவ்வாறு அரிதாகின என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

1932ஆம் ஆண்டளவில் ஸ்டுங் ட்ரெங் மாகாணத்தில் பிறந்த அவர், மருத்துவத் துறையில் பயிலவே தலைநகர் புனோம் பென்னுக்கு வந்தார். வைத்தியசாலைப் பணியோடு பாட்டும் தொடர்ந்தது. தேசிய வானொலி அவரது குரலை நாடெங்கும் கொண்டுசென்றது. நாட்டை ஆண்ட நொரொடோம் சிஹானுக் தாமே பாடல்களை இயற்றியவர் என்பதால் கலைஞர்களுக்கு அன்று நல்ல ஆதரவு இருந்தது.

மென்மையான காதற் பாடல்களில் தொடங்கிய சிசாமுத், மின்கிற்றாரும் ஓர்கனும் முழங்கும் ரொக் இசைக்கு வந்துசேர்ந்தார். அயலில் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் படையினருக்கான வானொலி, எல்லை கடந்து புனோம் பென் இளைஞரின் செவிகளையும் எட்டியது. மேலைநாட்டு மெட்டுகளுக்குக் கெமர் மொழியில் வரிகள் அமைத்தும் அவர் பாடினார். இதனை வெறும் நகல் என ஒதுக்குவது அநீதி. குரலின் குழைவும் சோகமும் முற்றிலும் அம்மண்ணுக்குரியவை. ரொஸ் செரெய் சொதியாவுடன் அவர் இணைந்து பாடியவற்றைக் கேட்டோர் இதனை உணர்வர்.

1970இல் சிஹானுக் பதவி கவிழ்க்கப்பட்டார். புதிய குடியரசுக்காகவும் சிசாமுத் பாட வேண்டியதாயிற்று. 1975 ஏப்ரல் 17ஆம் திகதி கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றி, மக்கள் அனைவரையும் கிராமங்களுக்கு விரட்டினர். பாடகரும் ஆசிரியரும் பிக்குகளும் சாம் முஸ்லிம்களும் அந்த ஆட்சியின் வெறுப்புக்கு இலக்காகினர். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் பதினைந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

சிசாமுத்தும் திரும்பவில்லை. அவருக்கு இறந்த திகதியும் இல்லை, கல்லறையும் இல்லை. கொல்லப்படுமுன் இறுதியாக ஒரு பாடல் பாட அனுமதி கேட்டார் என்றொரு கதை மட்டும் உலவுகின்றது. அதற்குச் சான்று கிடையாது. எனினும் மக்கள் அதனைச் சொல்வதை நிறுத்தவில்லை.

மூலப்பதிவுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. மறைத்துவைக்கப்பட்டவையும் நாடு கடந்து சென்றவையுமான இசைத்தட்டுகளிலிருந்து ஒலிநாடாக்கள் பிரதி எடுக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் புதிய மேளத் தாளத்தைச் சேர்த்துப் பழைய ஒலியைக் கெடுத்தவர்களும் உண்டு.

அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் கம்போடியாவில் வாங்கிய ஒலிநாடாக்களிலிருந்து தொகுக்கப்பட்ட ‘கம்போடியன் ரொக்ஸ்’ 1996இல் வெளிவந்தது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் வியந்தனர். ஆயினும் அதில் பாடகரின் பெயரோ பாடலின் தலைப்போ இல்லை. கம்போடியாவின் தெருக்களில் எவரும் இனங்கண்டிருக்கக்கூடிய குரல், அங்கு அநாமதேயமாக விற்பனையாயிற்று. பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தும் பணியைப் பின்னர் கேட்போரே செய்தனர். 2014இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், உயிர் தப்பிய இசைக்கலைஞர்களும் மாண்டோரின் உறவினர்களும் அப்பெயர்களைத் தம் வாயாலேயே உச்சரித்தனர்.